என் முகத்தைப் பார்த்துப் போட்ட கையெழுத்து

நான் வேலை பார்த்த விடுதியில் இப்போது சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போடுகிறார்களாம். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு பிள்ளைகள் போனை எடுத்து, சாம்பாருக்கு மூன்று, பொரியலுக்கு இரண்டு என்று தட்டிவிட வேண்டுமாம். அங்கே இன்னும் கரண்டி பிடித்துக்கொண்டிருக்கும் முனுசாமி போன வாரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துச் சொன்னான். ரசத்துக்கு ஒன்றரை நட்சத்திரம் வந்ததில் அவனுக்கு ஏக வருத்தம். "அரை ஸ்டாருன்னா இன்னா அர்த்தம்ணே? உப்பு பத்தலையா, புளி பத்தலையா, ஒண்ணும் புரியல" என்று புலம்பினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் நட்சத்திரம் கிடையாது. என் மூஞ்சிதான் இருந்தது. அதை நம்பித்தான் ஒரு விடுதியே சாப்பிட்டது. அந்தக் கதையை எழுதச் சொல்லி முனுசாமி நச்சரித்தான். எழுதிவிட்டேன். குற்றம் குறை இருந்தால் அவனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவுக் குடும்பத்தில். நியாயமாக நானும் தறியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். துடைக்கத் துடைக்க வேர்க்கும். வேர்த்த கை பட்டால் ஜரிகை கறுத்துப் போகும், வெளிர் நிறப் பட்டில் கறை விழும். ஒரு முகூர்த்தப் புடவையின் முந்தானையில் என் கைத்தடத்தைப் பார்த்த அப்பா திட்டக்கூட இல்லை. "நீ வேற எதுனா பாருப்பா" என்றார். பார்த்தேன். கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அங்கே எல்லோருக்கும்தான் வேர்த்தது. தேங்காய் துருவி, அண்டா கழுவி, பிறகு மெல்ல மெல்லக் கரண்டி பிடித்துச் சில வருஷங்கள் ஓடின. கல்யாணம் ஆனதும் ஊர் ஊராக அலைய மனம் வரவில்லை. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மெஸ் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பெயரைக் கேட்டுப் பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். விடியற்காலையில் காய் வாங்குவது, பகலில் சமையல்காரர்களோடு மல்லுக்கட்டுவது, சாயங்காலம் மிச்சமானதைப் பார்த்து வயிறெரிவது, இவ்வளவுதான் வேலை.

விடுதிக்கு வார்டன் வேதவல்லி மேடம். அதே கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, நெற்றியில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு, கையில் டிபன் கேரியர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மெதுவாகப் பேசுவார். ரொம்ப மெதுவாகப் பேசினால் அன்றைக்கு யாருக்கோ கிரகம் சரியில்லை என்று அர்த்தம்.

விடுதியில் ஒரு விதி உண்டு. பரிமாறுவதற்கு முன்னால் சூப்பர்வைசர் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், வார்டன் ருசி சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மணி அடிக்கும். ஆனால் மேடம் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வீட்டில் பெருமாளுக்குப் படைத்த பிறகு அதைத்தான் சாப்பிடுவார். அவருக்கு முன்னால் இருந்த வார்டன் எதையும் தொடாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாராம். மேடத்துக்கு அது பொய்க் கையெழுத்து. பொய்யும் கூடாது, ஆசாரமும் கெடக் கூடாது. என்ன செய்வது என்று யோசித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே அது தெரிந்தது.

அண்டாவுக்கு அருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தட்டில் சோறு, சாம்பார், பொரியல், ரசம், மோர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். எனக்கு எதிரே, அடுப்புச் சூடு படாத தூரத்தில், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றார்.

"சாப்பிடுங்கோ ஏகாம்பரம். வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

சாம்பாரைப் பிசைந்து வாயில் போட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பெண்டாட்டிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பொரியல் போனது. ரசம் போனது. ரசத்தில் அவர் புருவம் லேசாக ஏறியது.

"புளி தூக்கலா இருக்கு. இல்லையா?"

இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். என் இடது கண் சுருங்கியதாம். வெந்நீர் ஊற்றி இன்னொரு கொதி விட்டு, மறுபடி என்னைச் சாப்பிட வைத்து, இடது கண் சும்மா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து வருஷக்கணக்காக மத்தியானம்தோறும் இதே கதைதான். போகப் போக என் முகத்தில் எனக்கே தெரியாத சங்கதிகளெல்லாம் அவருக்குத் தெரிந்தன. உப்பு குறைந்தால் நான் மோவாயைத் தூக்குவேனாம். காரம் அதிகமானால் காது நுனி அசையுமாம். பருப்பு வேகாவிட்டால் மேலே பார்ப்பேனாம், கடவுளைக் கூப்பிடுகிற மாதிரி.

ஒரு தடவை எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. கத்தரிக்காய் சாம்பார், அன்றைக்கு முனுசாமி நிஜமாகவே நன்றாக வைத்திருந்தான். ஒரு வாய் வைத்தேன், சூடு பல்லில் பட்டது, என் முகம் போன போக்கைப் பார்த்து மேடம் இரண்டடி பின்னால் போய்விட்டார். சாம்பாரை இறக்கி வையுங்கள், வேறு வையுங்கள் என்று ரொம்ப மெதுவாகச் சொன்னார். முனுசாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பல்லைப் பிடித்துக்கொண்டு நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடிக்கும் நேரம் தாண்டிவிட்டது, பிள்ளைகள் தட்டைத் தட்டி ரகளை செய்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பல்வலியோ தலைவலியோ வீட்டில் சண்டையோ இருந்தால் சாப்பிட உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார். என் வீட்டுச் சண்டைகள் எல்லாம் அப்படித்தான் விடுதி முழுக்கத் தெரிந்தன.

இந்த முகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் காலையில் மார்க்கெட்டில் ஏமாறக் கூடாது. சமையல் என்பது முக்கால்வாசி வாங்குவதில் இருக்கிறது என்பது என் கட்சி. வாடின காயை மசாலா போட்டு மறைக்கலாம்; மறைத்தது நாக்குக்குத் தெரிந்துவிடும். நான் அதிகம் வாங்குவது பத்மாவதியம்மாவிடம். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம், சொந்த நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து விற்பார். மண்ணுக்கு அடியில் விளைவது எதையும் அவர்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை, அதனால் விற்பதும் இல்லை. உருளைக்கிழங்கு, வெங்காயம் வேண்டுமானால் வேறு கடைக்குப் போக வேண்டும். ஆனால் அவரை, புடலை, பூசணி, பிஞ்சுக் கத்தரி, கீரை என்றால் அவரிடம்தான். அவரையை ஒடித்தால் சத்தம் வரும். முளைக்கீரைத் தண்டில் நகம் வைத்தால் நீர் துளிர்க்கும். கொத்தமல்லிக் கட்டை மூக்கில் வைத்து மோந்து பார்க்காமல் நான் ஒரு நாளும் பையில் போட்டதில்லை. அந்த வாசனையில்தான் எனக்கு அன்றைய நாளே தொடங்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு நாள் நின்றது. பெருந்தொற்று வந்து ஊரெல்லாம் அடங்கி, விடுதி மூடி, மறுபடி திறந்த நேரம். திறப்பதற்குச் சில நாள் முன்னால் எனக்கும் காய்ச்சல் வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, மருத்துவமனைக்குக்கூடப் போகவில்லை. காய்ச்சல் விட்ட அன்று என் மனைவி கஸ்தூரி எனக்குப் பிடிக்கும் என்று மிளகு ரசம் வைத்து, பருப்புத் துவையல் அரைத்து, சுட்ட அப்பளத்தோடு தட்டு வைத்தாள். பசி. ஆசையாகப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வெறும் சூடுதான் தெரிந்தது. துவையலை அப்படியே எடுத்து நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை, காரம் இல்லை, பூண்டு இல்லை. ஈர மண்ணை வாயில் வைத்த மாதிரி இருந்தது. அடுக்களைக்கு ஓடிப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். டப்பா மட்டும்தான் இருந்தது, வாசனை இல்லை. நான் சாதாரணமாக எதற்கும் கலங்குகிறவன் இல்லை. அன்றைக்கு அந்த டப்பாவோடு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

கஸ்தூரி வந்து டப்பாவை வாங்கி மூடி வைத்தாள். மறுபடி தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தாள். "நீ பாட்டுக்கு சாப்பிட்டுக்கினே இரு, நான் சொல்றேன்" என்றாள். அன்று தொடங்கியதுதான். ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிற மாதிரி என் வாயில் நடப்பதை அவள் பக்கத்தில் இருந்து சொல்வாள். இப்போ புளிப்பு வருது, கூடவே வெல்லம் கொஞ்சம் இருக்குது, மிளகு அப்புறமா தொண்டைல கடிக்கும் பாரு, இந்தக் கத்தரிக்கா பச்சைக் கத்தரி, வெண்ணெயாட்டம் இருக்குது. நான் மென்றுகொண்டே இருக்க, அவள் சொல்லிக்கொண்டே போவாள். வயிறு நிறைந்தது. ஆனால் சாப்பிட்டேன் என்ற நினைப்பு வரவில்லை.

விடுதி திறந்த அன்று ஸ்டூலில் உட்காரும்போதே மேடத்திடம் சொல்லிவிட்டேன். மறைக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. நாலு தலையாட்டல், ஒரு புன்னகை போதும். ஆனால் எதிரே நிற்பவர் யார்? என் காது நுனி வரைக்கும் படித்தவர்.

"மேடம், எனக்கு ருசி போயிடுச்சி. மூக்கும் வேலை செய்யல. என் மூஞ்சி இனிமே உங்களுக்கு உதவாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். அன்றைக்கு என்ன சாப்பாடு என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை, கையெழுத்து விழாமல் மணி அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. வார்டன் கையெழுத்துப் போடாத விஷயம் அன்று மாலைக்குள் கல்லூரிச் செயலாளர் காதுக்குப் போய்விட்டது. செயலாளர் பட்டுக் கடைக்காரர், கெட்டவர் இல்லை, எதையும் சட்டுப்புட்டென்று முடிக்க நினைப்பவர். சமையலை ஒரு கம்பெனிக்குக் குத்தகை விட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. ருசி தெரியாத சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கௌரவமாக அனுப்பிவிடலாம் என்றாராம். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் மேடம் அவரிடம் ரொம்ப மெதுவாகப் பேசியிருக்கிறார். முடிவில், செமஸ்டர் முடியும் வரை தவணை. அதற்குள் என் நாக்குத் திரும்பினால் நான் இருக்கலாம். திரும்பாவிட்டால் கம்பெனி வரும், நான் போக வேண்டியதுதான்.

ஓய்வு பெற எனக்கு அதிக காலம் இல்லை. போனால் பட்டினி கிடக்கப் போவதில்லை, கஸ்தூரி பட்டுக்கு நூல் சுற்றுகிறாள், மகனும் வேலையில் இருக்கிறான். ஆனால் கை வேர்க்கிறது என்று தறியை விட்டு வந்தவன், நாக்குச் செத்துப்போச்சு என்று அடுப்பையும் விட்டுப் போவதா? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கையெழுத்துக்கு மேடம் வேறு முகம் தேட ஆரம்பித்தார். முதலில் முனுசாமியை உட்கார வைத்தார். தான் சமைத்ததை வாயில் வைத்ததும் அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மலர்ந்துவிடும், உப்பே போடாவிட்டாலும் மலரும். அடுத்து பாத்திரம் தேய்க்கும் அஞ்சலையைக் கூப்பிட்டார். அவள் முகத்தில் எதுவுமே அசையவில்லை. "நல்லாருக்கா, இல்லையா?" என்று மேடமே வாய்விட்டுக் கேட்க, "சோறு தானேம்மா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். கடைசியில் தினமும் ஒரு மாணவியை முன்னதாக அழைத்துச் சாப்பிட வைப்பது என்று முடிவானது. பசங்களுக்கு ஏக குஷி, முதல் பந்தி கிடைக்கிறதே என்று போட்டி போட்டார்கள். மேடம் கையெழுத்துப் போட்டார். ஆனால் போடும்போதெல்லாம் பேனா ஒரு நொடி நின்றது, நான் பார்த்தேன்.

சமையலை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது என்று நான் மேடத்திடமே போய்க் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"எங்காத்துல யார் ருசி பார்த்துத் தளிகை பண்றா? பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாம நாக்குல வைக்கவும் கூடாது, மோந்து பார்க்கவும் கூடாது. உப்பு கை அளவு, வேக்காடு கண் அளவு. காய் புதுசா இருக்கணும், சாமான் கொஞ்சமா இருக்கணும். நிறையச் சேர்த்தா எது கூட, எது குறைச்சல்னு தெரியாது."

இத்தனை வருஷம் எனக்கு எதிரே நின்றவர் வீட்டில் தினமும் நாக்கில்லாமல்தான் சமையல் நடந்திருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து விடுதியில் குருமா, கிரேவி, ஃப்ரைட் ரைஸ் எல்லாவற்றையும் ஓரம் கட்டினோம். சோறு, ஒரு குழம்பு, ஒரு காய், ஒரு கீரை, ரசம், மோர். காய்க்குக் கடுகு, உளுந்து, பச்சை மிளகாய், மேலே தேங்காய், அவ்வளவுதான். அரைக்கிற மசாலா இல்லை, டப்பாப் பொடி இல்லை. நாக்கு போனதால் கண்ணும் கையும் இரண்டு மடங்கு வேலை செய்தன. மார்க்கெட்டில் இன்னும் சீக்கிரமாகப் போய் நின்றேன். ஒவ்வொரு கத்தரிக்காயையும் காம்பைத் தொட்டுப் பார்த்தேன், புடலையை அழுத்திப் பார்த்தேன். கொத்தமல்லிக் கட்டை மட்டும் கையில் எடுத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பத்மாவதியம்மா பார்த்துவிட்டார். கட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே மோந்து பார்த்துவிட்டு, வேறொரு கட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு தினமும் அவர் மூக்குதான் என் மூக்கு.

அதிசயம் என்னவென்றால், தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. பசங்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் அவரைக்காய்ப் பொரியல் இரண்டாவது தடவை கேட்டார்கள், கீரை மசியலுக்கு வரிசை நின்றார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வாய் ஓயாமல் குறை சொல்கிறவள், ஒரு நாள் கை கழுவும் இடத்தில் என்னிடம் வந்து, "அங்கிள், ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல சாப்பிட்ட மாதிரி இருக்குது" என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே அழுகையும் வந்தது. ஊருக்கெல்லாம் நல்ல சாப்பாடு போட்டுவிட்டு, அது எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியாது.

மேடம் இன்னொன்றும் செய்தார். அவர் மத்தியானம் தன் டிபன் கேரியரைத் திறக்கும்போது என்னை அறைக்கு அழைப்பார். தான் சாப்பிடுவதற்கு முன்னால், ஒரு கரண்டி எடுத்து, உயர்த்திப் பிடித்து, என் கையில் விழுமாறு போடுவார். புளியோதரை, மிளகு சேர்த்த கூட்டு, சாத்தமுது என்று அவர் சொல்லும் ரசம், எது இருந்தாலும். நான் வாயில் போட்டுக்கொள்வேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். தினமும் பார்த்தார். என் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்பார், அடுக்கை மூடுவார். ஒரு நாள் அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நான் கொஞ்சம் புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன். "நடிக்காதேங்கோ" என்றார்.

நாட்கள் போயின. செமஸ்டர் தேர்வுக்கு அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் வந்து சமையலறையை அளந்துவிட்டுப் போனார்கள். எங்கே ஃப்ரிட்ஜ் வைப்பது, எங்கே பெரிய மெஷின் வைப்பது என்று என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள், பாவம், நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. நான் மனதைத் தயார் செய்துகொண்டேன். கஸ்தூரியிடம் சொன்னேன், இனிமேல் மத்தியானச் சாப்பாடும் வீட்டில்தான், உனக்கு வர்ணனை வேலை இரண்டு மடங்கு என்று. அவள் சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நான் வாய் வலிக்க சொல்லுவேன், நீ கேட்டுக்கினு இரு" என்றாள்.

தேர்வு தொடங்குவதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம். மேடம் வழக்கம்போல அழைத்தார். போனேன். அன்றைக்குப் புடலங்காய்க் கூட்டு, பாசிப்பருப்பு போட்டது. கரண்டியை உயர்த்திக் கையில் போட்டார். அவர் கண்ணாடியை மாட்டுவதற்குள் நான் வாயில் போட்டுவிட்டேன். நம்பிக்கை போன பிறகு காத்திருப்பதற்கு என்ன இருக்கிறது?

முதலில் எதுவோ தொண்டைக்குப் பின்னால் முட்டியது. பிறகு மூக்குக்குள் ஏறியது. எனக்கு அது என்ன என்று உடனே பிடிபடவில்லை. கல்யாணச் சமையலில் அண்டாவைக் கிண்டாமல் விட்டுவிட்டு ஊர்க்கதை பேசிய நாளும், தலைமைச் சமையல்காரர் கரண்டியோடு என்னைத் துரத்திய நாளும் நினைவுக்கு வந்தன. என் முகம் தானாகக் கோணிக்கொண்டது. மூக்கு சுருங்கியது, உதடு ஒரு பக்கம் இழுத்தது, மோவாய் மேலே போனது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக நடந்தது.

மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டார்.

"என்ன?" என்றார்.

சமையல் அவருடையது. இத்தனை வருஷம் என் சமையலை அவர் குறை சொன்னார், அவர் சமையலை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"அடி பிடிச்சிருக்குது மேடம். பருப்பு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கண்ணாடியை அல்ல.

"தெரியும். காலம்பற போன் வந்தது, பேசிண்டே நின்னுட்டேன். வாசல் வரைக்கும் தீஞ்ச வாடை. பெருமாளுக்கு வேற பண்ணினேன். இதைக் கொட்டிடலாம்னுதான் எடுத்தேன், உங்க ஞாபகம் வந்தது."

நான் கூட்டை இன்னொரு வாய் வாங்கிச் சாப்பிட்டேன், தீய்ந்த வாடை முன்னைவிடத் தெளிவாக வந்தது. அதற்கடியில் எங்கேயோ சீரகம்கூட இருந்தது. மேடம் எழுந்தார். வாங்கோ என்று என்னைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனார். மூலையில் கிடந்த ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டார். அன்றைக்கு முதல் பந்திக்கு வந்து நின்ற மாணவியைப் போய் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு, என் தட்டில் சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் போடச் சொன்னார். முனுசாமி என்னையும் மேடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே போட்டான்.

சாப்பிட்டேன். முழு ருசி இல்லை, தூரத்திலிருந்து வருகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் புளி தெரிந்தது, முருங்கையின் இனிப்பு தெரிந்தது. எங்கள் விடுதிச் சாப்பாடு இத்தனை நாள் எப்படி இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பசங்கள் இரண்டாவது தடவை கேட்டதில் தப்பே இல்லை. மேடம் என் முகத்தைப் பார்த்தார், கண் பார்த்தார், காது நுனி பார்த்தார். பேனா நிற்கவில்லை. கையெழுத்து விழுந்தது, மணி அடித்தது. கம்பெனிக்காரர்கள் அளந்து வைத்த இடத்தில் இன்னும் சில வருஷம், நான் ஓய்வு பெறும் வரை, எங்கள் அரிசி மூட்டைதான் இருந்தது.

அன்றைக்குப் பந்தி முடிந்த பிறகு மேடத்தின் அறைக்குப் போய், அந்தக் கூட்டு அடுக்கை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து ஒரு பருப்பு விடாமல் வழித்துச் சாப்பிட்டேன். அடுக்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே பார்த்துவிட்டு மேடம் கேட்டார்.

"தீஞ்சதை முழுக்கவா சாப்பிட்டேள்?"

"ரொம்ப ருசியா இருந்தது மேடம்" என்றேன்.

அவர் வழக்கம்போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். அதில் பொய் இல்லை என்று தெரிந்ததும் அடுக்கை வாங்கி வைத்துக்கொண்டார்.